பேசியது தைமஸ்தானா?

மேலகரத்து ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். கருவிகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. அதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆள் இருக்கிறது. ஒரு சோதனை பிரமாதமாக வெற்றி பெற்றுவிட்ட நாளில் என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் கிடையாது. தோற்ற நாளில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். ஜெயித்த நாளில்தான் கை தவறும்.

அப்படி ஒரு வெற்றியும் அதன் பின்னாலேயே வந்த ஆபத்தும் எனக்கு வாய்த்தன. அதைச் சொல்கிறேன்.

அப்போது எங்கள் குழு தைமஸ் சுரப்பியைப் படித்துக்கொண்டிருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன உறுப்பு அது. சிறு வயதில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். நம்மைக் காக்கும் டி செல்கள் அங்கேதான் தேறி வெளியே வருகின்றன. அதோடு தைமஸ் சில சிறிய பெப்டைடுகளையும் உண்டாக்குகிறது. புரதத்தின் துணுக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணுக்குகள் மண்ணீரல் போன்ற மற்ற எதிர்ப்பு உறுப்புகளில் இருக்கும் செல்களிடம் என்ன சொல்கின்றன, அந்தச் சேதி செல்லுக்குள்ளே எப்படிக் கடத்தப்படுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த வேலையைச் செய்தவன் என் ஆய்வு மாணவன் இசக்கிராஜா. வாசுதேவநல்லூர்க்காரன். அப்பாவுக்கு எலுமிச்சைத் தோட்டம். கை சுத்தமானவன், ஒரு தடவை சொன்னால் போதும். தென்காசிக் கறிக்கடையிலிருந்து வெள்ளாட்டுக் குட்டியின் தைமஸை வாங்கிவந்து, அரைத்து, வடிகட்டி, அதிலிருந்து பெப்டைடு சாற்றைப் பிரித்தெடுத்தான். எலியின் மண்ணீரல் செல்கள் மேல் அதை விட்டான். செல்லின் வாசலுக்கு வந்த சேதி உள்ளே நியூக்ளியஸ்வரை போய்ச் சேர்ந்தால், நாங்கள் போடும் சாயம் அங்கே பச்சையாக ஒளிரும்.

ஒளிர்ந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்த நான் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. வயல் முழுக்க மின்மினி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே ஆட்டின் தொடைக்கறியிலிருந்து, அதே முறையில் எடுத்த சாற்றையும் இன்னொரு தட்டில் விட்டிருந்தான். அந்தத் தட்டு இருட்டாகவே கிடந்தது.

"மேடம், தைமஸ் பேசுது! கறி பேசல. பாத்தீங்களா?" என்றான் இசக்கி.

பார்த்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் காட்சியைப் பார்த்த கையோடு போனை எடுத்துவிட்டார். எங்கள் திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரவிருந்தது. "இது ஒண்ணு போதும். குழுவுக்கு இதையே காட்டிருவோம்" என்றார்.

எனக்கு ஒரு வழிகாட்டி இருந்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. மாணவர்கள் நல்ல முடிவோடு ஓடிவந்தால், பாராட்ட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, இதை எப்படிக் கொல்லலாம்?" என்பார். எத்தனை வழியில் அடித்தாலும் சாகாமல் நின்றால்தான் அதற்கு ஒரு காபி வாங்கித் தருவார். அவரிடம் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த காபிகள் மிகக் குறைவு.

நான் இசக்கியிடம் கேட்டேன். "புரதத்தை அறுக்கிற நொதியைச் சாத்துல போட்டு, பெப்டைடைத் துண்டு துண்டாக்கிட்டுச் செல் மேல விட்டுப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"அதையும் செஞ்சிரு. பேசறது பெப்டைடுதான்னா, அறுத்த பிறகு வாய் மூடணும்."

அவன் முகம் சற்றுச் சுருங்கியது. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். சந்தேகப்படத்தான் செய்தேன், ஆனால் அவனை அல்ல. இந்த வித்தியாசத்தை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சொல்லாமலே புரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

அந்த வாரத்தில்தான் இசக்கியின் தாய்மாமா ஆய்வகத்துக்கு வந்தார். பெயர் சுடலைமுத்து. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், வீடு குத்துக்கல்வலசையில். சீசன் என்பதால் அருவியில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பணி. சீருடை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, என் அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய ஒரே மகள் மாரிச்செல்விக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்று. திருநெல்வேலியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மருந்து நோயை அடக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூடவே இரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் அடித்துக் குறைத்துவிட்டது. அணுக்கள் ஏறாமல் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் தள்ளி வைத்திருந்தார். இதற்கிடையில் இசக்கியின் அம்மா, மகன் ஏதோ எதிர்ப்புச் சக்தி மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"மேடம், எம் பிள்ளைக்குக் கொஞ்சம் தாங்க. நான் எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். உங்க மேல ஒரு பேச்சு வராது" என்றார்.

"அண்ணாச்சி, அது மருந்தே இல்ல. தட்டுல வளக்குற எலி செல்லுல ஒரு காட்சி பாத்திருக்கோம், அவ்வளவுதான். மனுசருக்குப் போடக்கூடியது எதுவும் எங்ககிட்ட கிடையாது."

"எல்லா மருந்தும் மொதல்ல எலியிலதானே பாக்காங்க?"

"ஆமா. எலியில ஆரம்பிச்ச நூத்துக்குத் தொண்ணூறு அங்கயே நின்னுரும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நொதிச் சோதனையின் முடிவு வந்த அன்று காலையில் இயக்குநரின் அறையில் கூட்டம். குழுவுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். இசக்கி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

"மேடம், கொஞ்சம் வாங்க."

நுண்ணோக்கிக்குக் கூட்டிப் போனான். நொதியில் கிடந்து, அறுபட்டு, பெப்டைடு என்று சொல்ல எதுவுமே மிச்சமில்லாத சாறு. அதை விட்ட தட்டிலும் அதே பச்சை. ஒரு செல்கூட மங்கவில்லை. நொதி வேலை செய்ததா என்று பார்க்க வேறொரு புரதத்தையும் கூடவே போட்டிருந்தான். அது நார் நாராகிப் போயிருந்தது. ஆக நொதியின் மேல் பழி போட முடியாது.

நாங்கள் கொண்டாடிய பச்சைக்கும் தைமஸ் பெப்டைடுக்கும் சம்பந்தம் இல்லை. சாற்றுக்குள் வேறு ஏதோ ஒன்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

எனக்கு வருத்தம்தான், ஆனால் அதிர்ச்சி இல்லை. இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. இசக்கி நின்ற நிலைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தோற்றுப்போன சோதனைக்காக ஒருவன் அப்படி வெளிற மாட்டான்.

"வேற என்னலே?" என்றேன். கோபத்திலோ பயத்திலோதான் எனக்கு அந்த 'லே' வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"மேடம்… மாமாகிட்ட ஒரு குப்பி குடுத்துட்டேன். நேத்து சாயங்காலம். அத்தை வந்து அழுதா மேடம். பக்கத்து வீட்டு நர்ஸை வச்சு இன்னிக்கு டூட்டி முடிஞ்சு வந்து போடப் போறதா மாமா சொன்னாங்க. குப்பியை ஐஸ்ல வச்சுக் கூடவே கொண்டு போயிருக்காங்க. வடிகட்டித்தானே வச்சிருக்கோம், கிருமி இல்லல்லா, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

அவன் செய்தது பெரிய தவறு. அதை அவனிடம் சொல்ல நேரம் வரும் என்று தள்ளி வைத்தேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் நாங்கள் அவரைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அருவிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இயக்குநரிடம், "வந்து சொல்லுதேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இசக்கியின் பைக்கில் பின்னால் ஏறினேன். மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு சும்மா நாளில் ஒரு எட்டில் போய்விடலாம். அன்று சுற்றுலா வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சாரலில் நனைந்துகொண்டே, ஓரமாகச் சந்து கிடைத்த இடமெல்லாம் புகுந்து போனோம்.

அந்தச் சவாரியில் நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். என்ன சொல்லி அந்தக் குப்பியை வாங்குவது? சாற்றில் பேசிக்கொண்டிருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு ஊகம் இருந்தது, உறுதி இல்லை. "அண்ணாச்சி, அது விஷம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்லிவிடு என்று மனசு பாதி வழி வரைக்கும் இழுத்தது.

மெயின் அருவியில் அன்று வெள்ளம். செந்நிறத் தண்ணீர் ஆர்ப்பரித்துக்கொண்டு விழுந்தது. குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் ஏமாந்து நின்றார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மழைக்கோட்டு போட்டு, வாயில் விசிலோடு சுடலைமுத்து நின்றார். எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு இசக்கியைப் பார்த்தார்.

"ஏலே, சொல்லிட்டியா?"

"மாமா…"

"அண்ணாச்சி, அந்தக் குப்பியைத் திருப்பித் தாங்க" என்றேன்.

"மேடம், நான் திருடல. மருமவன்கிட்ட கேட்டேன், தந்தான். பிள்ளைக்கு அடுத்த ஊசி தள்ளிக்கிட்டே போவுது. தள்ளிப் போனா நோய் திரும்பிருமோன்னு அவ அம்மா ஒரு வாய் சோறு திங்கல. உங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சும் நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"தைமஸ்ல உள்ள பெப்டைடுதான் வேலை செய்யுதுன்னு நெனச்சோம். இன்னிக்குக் காலையில பாத்தா, அது இல்ல. அதுக்குள்ள வேற ஏதோ இருந்துக்கிட்டுச் செல்லை முடுக்கி விடுது."

"வேறன்னா, என்னது?"

இந்த இடம்தான். அந்த ஒற்றை வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. நான் சொன்னது வேறு.

"தெரியல அண்ணாச்சி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அது சரின்னா உங்க பிள்ளைக்கு ரொம்பக் கெடுதல். ஆனா சரியா தப்பான்னு இன்னும் பாக்கல."

"தெரியலன்னா, நல்லதாவும் இருக்கலாம்லா?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பையன்கள் நாலைந்து பேர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். சுடலைமுத்து பாய்ந்து போய் ஒருவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

"சார், தண்ணி கொஞ்சம் கொறைஞ்ச மாதிரித்தான் இருக்கு. அந்த ஓரமா நின்னு நனைஞ்சிட்டு வந்துர்றோம் சார்."

"ஏலே, மேல மலையில என்ன பெய்யுதுன்னு உனக்குத் தெரியுமா? கல்லு வருதா, கட்டை வருதா, தெரியுமா? தெரியாதுல்லா? தெரியாத தண்ணியில எவனாவது போயித் தலையக் குடுப்பானா?"

பையன்கள் பின்வாங்கினார்கள். இவர் திரும்பி எங்களிடம் வந்தார். பாதி வழியில் நடை தளர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெட்டிருக்கும். அவர் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த காவல் சாவடிக்குள் போய், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"என்னதுன்னு பாத்துச் சொல்லுங்க. வாயால சொன்னா ஒத்துக்கிட மாட்டேன். எனக்குக் கண்ணால காட்டணும்."

"காட்டுதேன்."

"ஏன் மேடம், விஷம்னு சொல்லியிருந்தா அப்பமே தந்திருப்பேன்லா? ஏன் சொல்லல?"

"அது எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய், விசிலை வாயில் வைத்தார்.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கினோம். என் சந்தேகம் இதுதான். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்று ஒன்று இருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் அந்தச் சுவரின் துண்டுகள் கிடக்கும். வடிகட்டினால் பாக்டீரியா நின்றுவிடும், துண்டுகள் நழுவிப் போய்விடும். கொதிக்க வைத்தாலும் அசையாது. கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலும் எதிர்ப்புச் செல்கள் எதிரி வந்துவிட்டான் என்று அலறி, நாங்கள் பார்த்த அதே சேதியை நியூக்ளியஸுக்கு அனுப்பும். இசக்கி 'கிருமி இல்லல்லா' என்று சொன்னது உண்மைதான். கிருமி இல்லை, கிருமியின் சட்டை இருந்தது.

இந்தத் துண்டுகளைக் கவ்விப் பிடித்து முடக்குகிற மருந்து ஒன்று உண்டு. சாற்றில் அதைக் கலந்து செல்களின் மேல் விட்டோம். பச்சை மொத்தமும் அணைந்துபோனது.

ஆனால் தொடைக்கறிச் சாறு ஏன் பேசவில்லை? அதே கடை, அதே ஆடு, அதே முறை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் விடுவதாக இல்லை. இசக்கியைக் கடையில் நடப்பதை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். தொங்கும் ஆட்டிலிருந்து தொடையை நேராக அறுத்துத் தருவார்களாம். தைமஸைத் தனியாக யாரும் கேட்பதில்லை. அதனால் கழுத்துப் பக்கத்து இறைச்சியோடு ஒதுக்கிப் போட்டு, கடைசியில் குடல் அலசிய வாளியிலேயே முக்கி எடுத்துத் தருவார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவன் 'குடல்' என்ற இடத்தில் நிறுத்தினான்.

"நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மேடம்" என்றான் மெதுவாக.

கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் குழம்புக்குத் தருகிறார், ஊசிக்கு அல்ல. எங்கள் ஒப்பீட்டுத் தட்டு ஒப்பீடாகவே இல்லை என்பதுதான் விஷயம். இரண்டு சாறும் ஆய்வகத்துக்குள் ஒரே வழியில் வந்தன, ஆய்வகத்துக்கு வெளியே வேறு வேறு வழியில் வந்தன. உங்கள் சோதனை உங்கள் வாசலில் தொடங்குவதில்லை. அந்தப் பொருள் எங்கே பிறந்ததோ அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுடலைமுத்துவை வரச் சொன்னேன். தட்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். சாறு மட்டும் விட்டது, நொதியில் அறுத்தது, கவ்வுகிற மருந்து கலந்தது, பிறகு தைமஸே இல்லாமல் எண்டோடாக்சின் மட்டும் விட்டது. கடைசித் தட்டும் முதல் தட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். எதையும் அவசரமாகப் பார்க்கிற ஆள் இல்லை.

"அப்போ தைமஸ் பேருல வேற ஒருத்தன் வந்து சாட்சி சொல்லியிருக்கான்" என்றார். "ஆள்மாறாட்டம்."

"அதேதான்."

"இது பிள்ளை ஒடம்புல போயிருந்தா?"

இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். நல்ல உடம்புக்கே குளிர்காய்ச்சல் வரும், இரத்த அழுத்தம் விழும். வெள்ளை அணு இல்லாத உடம்பில் அதைச் சாதாரணக் கிருமிக் காய்ச்சல் என்று டாக்டர்கள் நினைக்கவும், காரணம் தெரியாமல் தவிக்கவும் நேரும். பிழைப்பதே கஷ்டமாகியிருக்கலாம். அவர் நுண்ணோக்கியின் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இசக்கி அழுதுவிட்டான். மாமன் அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் கேட்டுத்தானலே தந்த" என்று மட்டும் சொன்னார்.

மாரிச்செல்வியின் டாக்டரிடம் நான் போனில் பேசினேன். வெள்ளை அணுக்களை ஏற்ற முறையான ஊசி ஏற்கெனவே எழுதியிருந்தாராம். அதுவும் உடம்பே உண்டாக்கும் ஒரு சேதிப் புரதத்தின் நகல்தான், எலும்பு மஜ்ஜையிடம் போய்ப் பேசுவது. பல வருடங்கள் சோதித்து, சுத்தமாகத் தயாரித்தது. அந்த ஊசியில் அணுக்கள் ஏறின. வைத்தியம் முடிந்தது. இன்று அவள் மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

இசக்கியை என்ன செய்வது? இயக்குநருக்கு விஷயத்தைச் சொன்னபோது முதலில் கொதித்தார். பிறகு குழு வருகிற நேரம், வெளியே தெரியாமல் முடித்துவிடுவோம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பி வெளியே போனதை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம். எழுதியது இசக்கி, கூடக் கையெழுத்துப் போட்டது நான். சாறுகளை வைத்திருந்த உறைபெட்டியின் சாவி அவன் கையைவிட்டுப் போனது. ஆனால் அவனை ஆய்வை விட்டு அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. தன் தவறைத் தானே வந்து சொன்னவன் அவன். அன்று காலை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. பயத்தை மீறி வந்து சொல்கிற ஒருவனை வெளியே அனுப்பினால், மறுபடி இந்த ஆய்வகத்தில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

திட்டத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் குழு வந்தது. இசக்கிதான் எழுந்து பேசினான். பச்சைப் படத்தை முதலில் காட்டினான். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த படத்தில் அதைத் தன் கையாலேயே கவிழ்த்தான். எங்கள் திட்டம் அந்த முறை நீட்டிக்கப்படவில்லை. இதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் உடனே மாலை விழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் இருக்கிற சாமான்களை வைத்துக்கொண்டு, வேறு வகுப்புகளும் எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் நகர்ந்தோம்.

ஆட்டுச் சாற்றை அடியோடு விட்டோம். தைமஸ் பெப்டைடை இரசாயன முறையில் சுத்தமாகத் தயாரித்து வாங்கினோம். எண்டோடாக்சின் இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு சொட்டுகூடச் செல்லின் மேல் விடவில்லை. பழைய மின்மினி வயல் திரும்ப வரவேயில்லை. பெப்டைடு மட்டும் விட்டால் மண்ணீரல் செல்கள் சும்மாவே இருந்தன. பல மாதம் அப்படித்தான். பிறகு இசக்கிக்கு ஒன்று தோன்றியது. பெப்டைடைக் கொடுத்துக் காத்திருந்து, அதன் பின்னால் வேறொரு தூண்டலைக் கொடுத்தான். அப்போது, பெப்டைடு பெற்ற செல்கள் மற்ற செல்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக, கொஞ்சம் ஒழுங்காகப் பதில் தந்தன. தைமஸ் கத்தவில்லை. மற்றவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்கும்படி செல்களைத் தயார் செய்கிறது. சின்ன விளைவுதான்.

அதைக் கண்ட அன்று நான் வீட்டில் இருந்தேன், ஓய்வு பெற்றுவிட்டேன். இசக்கி போனில் கூப்பிட்டான். கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை.

"மேடம், நொதியைப் போட்டேன். செத்துட்டு மேடம்! சுத்தமா செத்துட்டு!"

ஒரு விளைவு செத்துப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட குரலை நான் கேட்டதில்லை. பெப்டைடை அறுத்ததும் விளைவு நின்றுவிட்டது. அப்படியானால் இந்தத் தடவை பேசியது அதுவேதான். வந்து ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

இன்று இந்தக் குழுவுக்குத் தலைவன் அவன்தான். நீங்கள் தினமும் பார்க்கிற இசக்கிராஜா சார். இதையெல்லாம் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "பேரோடயே சொல்லுங்க மேடம்" என்றான்.

அடுத்த கட்டமாக மனித இரத்தத்து வெள்ளை அணுக்களில் இந்தப் பெப்டைடைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். யாருக்கும் ஊசி போடுவதில்லை. ஆரோக்கியமானவர்களிடம் கொஞ்சம் இரத்தம் வாங்கித் தட்டில் வைத்துப் பார்ப்பது, அவ்வளவே. முன்வருகிறவர்களுக்கு அழைப்பு விட்ட அன்று நானும் இங்கே வந்திருந்தேன். முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவர் சுடலைமுத்து. பணி ஓய்வு பெற்றுவிட்டார், மீசை நரைத்துவிட்டது.

"அண்ணாச்சி, இப்பவும் இது மருந்தாகல" என்றேன்.

"நான் கேட்டனா?" என்றார்.

ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"'இதனால் தங்களுக்கு நேரடியான நன்மை எதுவும் இல்லை.' நல்லா உள்ளபடி எழுதியிருக்கீங்க."

கையெழுத்தைப் போட்டார். சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு, இரத்தம் எடுக்க வந்த பெண்ணைப் பார்த்து, "எந்தக் கைம்மா வேணும்?" என்று கேட்டார்.